மாத்திரை எட்டாத அறை

சென்னையின் மணலி, மாத்தூர் பக்கம் குடியிருப்பவர்களுக்குக் காற்று திசை மாறினால் மூக்கே சொல்லிவிடும். சுத்திகரிப்பு ஆலை, உரத் தொழிற்சாலை, லாரிப் புகை எல்லாவற்றுக்கும் முதல் காவல் அதுதான். அந்த மூக்கோடு இணைந்து கன்ன எலும்புக்குள் இருக்கும் சைனஸ் அறையின் வடிகாலோ அடியில் இல்லை. மேலே, கூரையை ஒட்டி இருக்கிறது. யார் கட்டிய வீடோ! சுவரெங்கும் முளைத்த நுண்ணிழைகள் நொடிக்குப் பத்து முறைக்கு மேல் அசைந்து சளியை மேல்நோக்கித் தள்ளுகின்றன. கந்தக டை ஆக்சைடோ, பீடிப் புகையோ, வெறும் ஜலதோஷமோ அவற்றைச் சோரவைத்தால் சளி தேங்கிவிடுகிறது.

தேங்கியதுமே ஆன்டிபயாடிக் வேண்டியதில்லை. பெரும்பாலும் அது வைரஸின் வேலை. பாக்டீரியா சேர்வது நூற்றில் ஓரிருவருக்குத்தான். பத்து நாள் தாண்டியும் விடாவிட்டாலோ, குறைந்த பிறகு மறுபடி ஏறினாலோ மருத்துவர் பொதுவாக அமாக்சிசிலின்-கிளாவுலனேட் எழுதுவார். நாமாக மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் அசித்ரோமைசினை நம்ப முடியாது; நிமோகாக்கஸ் கிருமிகளில் பல அதற்குப் பழகிவிட்டன.

சைனஸ் அறைகளில் ஆழத்தில் இருப்பது ஸ்பீனாய்டு சைனஸ். மூக்கின் கடைக்கோடியில், மண்டையோட்டின் நட்டநடுவே. மேலே பிட்யூட்டரி சுரப்பி, பக்கத்தில் பார்வை நரம்பு, மூளைக்குப் போகும் பெரிய தமனி. இடையிலுள்ள எலும்பு சில இடங்களில் காகிதம்போல் மெல்லியது. இங்கே சீழ் கட்டினால் மூக்கு ஒழுகாமலே இருக்கலாம். உச்சந்தலையோ கண்ணுக்குப் பின்புறமோ வலிக்கும். இமை வீங்கினால், பார்வை இரட்டையானால், அன்றைக்கே ஆஸ்பத்திரி. செஃப்ட்ரியாக்சோனை நரம்பு வழியாக ஏற்றுவார்கள், தேவைப்பட்டால் மெட்ரோனிடசோல், வான்கோமைசினும். ஆனால் மருந்து ரத்தத்தில்தான் பயணிக்கிறது. சீழுக்குள் ரத்தக்குழாய் கிடையாது. அதனால் பல நேரம் எண்டோஸ்கோப் விட்டு வாசலைத் திறந்து வடித்தாக வேண்டும். வடித்த சீழைக் கல்ச்சருக்கு அனுப்பினால், எந்த மருந்துக்கு எந்தக் கிருமி அடங்கும் என்பதும் தெரியும்.

2021 மே மாதம் தமிழகம் கருப்புப் பூஞ்சையை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. கொரோனாவும் கட்டுக்கடங்காத சர்க்கரையும் ஸ்டீராய்டும் சேர்ந்த உடம்பில் அந்தப் பூஞ்சை சைனஸில் குடியேறியது. பூஞ்சையிடம் ஆன்டிபயாடிக் எதுவும் செல்லாது. கேட்பது ஆம்போடெரிசின்-பி, அதுவும் வெனிசுலாவின் ஓரினோகோ பகுதி மண்ணில் கிடைத்த ஒரு பாக்டீரியா சுரப்பது. ஆனால் பூஞ்சை ரத்தக்குழாய்க்குள்ளேயே வளர்ந்து அடைத்துவிடுவதால் சுற்றியுள்ள சதை கருகிப்போகும். ஏற்றிய மருந்து அங்கே போய்ச் சேராது. அறுவை மருத்துவர்கள் அந்தக் கருகலை வெட்டிக்கொண்டே போவார்கள், ரத்தம் கசியும் சதை கண்ணில் படும்வரை.