பண்ணை நாற்றத்தைத் தின்னும் நுண்ணுயிர்ப் படுக்கை

காற்று ஊர்ப்பக்கம் திரும்பினாலே உங்கள் கோழி, பன்றிப் பண்ணை மீது புகார் வருகிறதா? வாசனை மருந்து தெளித்தால் நாற்றம் சிறிது நேரம் மறையும், நீங்காது. மரத்துண்டும் மட்கிய எருவும் கலந்த படுக்கை வழியே கொட்டகைக் காற்றை வெளியேற்றினால், அதிலுள்ள நுண்ணுயிர்களே நாற்றத்தைத் தின்றுவிடும். இதுதான் உயிர் வடிகட்டி.

முறை புதிதல்ல. சாக்கடைக் காற்றை மண் படுக்கையில் செலுத்தி நாற்றம் நீக்கும் முறைக்கு 1957-ல் அமெரிக்கப் பொறியாளர் ரிச்சர்ட் பொமராய் காப்புரிமை பெற்றார். இப்போது பல நாடுகளில் கால்நடைப் பண்ணைகளிலும் பயன்படுகிறது.

எப்படி வேலை செய்கிறது?

எச்சத்திலிருந்து கிளம்பும் அம்மோனியாவும், அழுகிய முட்டை நாற்றம் தரும் ஹைட்ரஜன் சல்பைடும் துண்டுகளின் மேலுள்ள ஈரப் படலத்தில் கரைகின்றன. அங்கே வாழும் பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரேட்டாகவும், சல்பைடை சல்பேட்டாகவும் மாற்றுகின்றன. நன்றாகப் பராமரித்தால் நாற்றம் பெருமளவு குறையும். நுண்ணுயிர்கள் பெருகிப் பழக சுமார் 3 வாரம் ஆகும்; அதுவரை பொறுத்திருங்கள்.

அமைப்பது எப்படி?

எடைக் கணக்கில் 70 பங்கு மரத்துண்டு, 30 பங்கு மட்கிய எரு கலந்துகொள்ளுங்கள். மரத்தூள், தென்னை நார்க்கழிவு போன்ற பொடிகளை மட்டும் கொட்டினால் காற்று ஊடுருவாது. தரைக்கு மேல் மரச்சட்டம் அடுக்கி, வலை விரித்து, அதன்மேல் 1 அடி உயரத்துக்குக் கலவையைப் பரப்புங்கள். வெளியேற்றும் விசிறியின் காற்று குழாய் வழியே சட்டத்துக்கு அடியில் புகுந்து மேலே வரவேண்டும்.

நிமிடத்துக்கு 1,000 கன அடி காற்று தள்ளும் விசிறிக்கு, கோழிக் கொட்டகை என்றால் 50 சதுர அடி, பன்றிக் கொட்டகை என்றால் 85 சதுர அடி படுக்கை தேவை. முறையே 3, 5 விநாடி காற்று உள்ளே தங்குவதற்கான கணக்கு இது. படுக்கையின் தடையை மீறித் தள்ளும் விசிறிதானா என்று வாங்கும்முன் விற்பவரிடம் கேளுங்கள்.

ஈரம்தான் உயிர்

பெரும்பாலான படுக்கைகள் காய்ந்துபோய்த்தான் தோற்கின்றன. ஒரு கைப்பிடி எடுத்துப் பிழியுங்கள்: கையில் ஈரம் ஒட்ட வேண்டும், நீர் சொட்டக்கூடாது. கோடையில் தெளிப்பு நீர் அவசியம். எலி வளை, வெடிப்பு இருந்தால் நாற்றக் காற்று அதன் வழியே தப்பிவிடும்; உடனே மூடுங்கள். களையையும் பிடுங்குங்கள். 3 முதல் 5 ஆண்டில் கலவை மட்கி இறுகும்போது மாற்றி, பழையதை வயலுக்கு எருவாக இடலாம்.

யாருக்கு ஏற்றது?

பக்கங்கள் திறந்த கொட்டகைக்கு இது பயன்படாது. காற்றை ஓரிடத்தில் பிடிக்க முடியாது. மூடிய கொட்டகையிலும் 20,000 கன அடி விசிறி ஒன்றுக்கே 1,000 சதுர அடி படுக்கை வேண்டும். கோடையில் எல்லா விசிறிக்கும் கட்டுப்படியாகாது. சாணக்குழி விசிறி, மூடிய எருக்கிடங்கு என்று காற்று குறைவாகவும் நாற்றம் அதிகமாகவும் வரும் இடத்தில் தொடங்குங்கள்.

ஒன்றை மறவாதீர்கள். படுக்கை சுத்தம் செய்வது வெளியேறும் காற்றை மட்டுமே. உள்ளே கோழியின் கண்ணும் மூச்சும் எரியாமலிருக்க, கூளத்தை உலர்வாக வைப்பது உங்கள் கையில்தான் இருக்கிறது.