தேங்காய் தராத கொழுப்பு

விடிந்தும் விடியாத வேளையிற் குருநகர்க் கடற்கரைக்கோ நீர்கொழும்புக் கடற்கரைக்கோ சென்றவர்களுக்கு இக்காட்சி புதிதன்று. படகு கரையைத் தொட்டதும் வியாபாரிகள் முதலில் தேடுவது அறுக்குளாவையும் பாரையையுமே. சூடையும் சாளையும் கும்பளாவும் ஒருபுறம் குவியலாய்க் கிடக்கும். கூறு கட்டி வைத்த அந்தச் சின்ன மீனை வாங்கிச் செல்வோர், கையில் அன்றைய செலவுக்கு மட்டும் பணம் வைத்திருக்கும் தாய்மார். விலையிற் குறைந்தது தரத்திலும் குறைந்தது என்று நாம் எண்ணிப் பழகிவிட்டோம். கொழுப்பைப் பொறுத்தமட்டில் இந்த எண்ணம் தலைகீழானது.

கொழுப்பு என்றவுடன் வாசகர் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். மருத்துவர் குறைக்கச் சொன்ன பொருளன்றோ அது? ஆயினும் கொழுப்பின்றி உடல் இயங்காது. ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரிச் சக்தியைத் தருகிறது. சோறு தருவதினும் இருமடங்குக்கு மேல். ஏ, டீ முதலிய விற்றமின்கள் கொழுப்பிற் கரைந்தே உடலிற் சேர்கின்றன. ஆகவே நாம் கேட்க வேண்டிய கேள்வி, எந்தக் கொழுப்பு, எங்கிருந்து வருகிறது என்பதாகும்.

இலங்கையில் அது தேங்காயிலிருந்தே வருகிறது. இந்நாட்டில் ஒருவருக்கு ஆண்டொன்றுக்கு நூறு தேங்காய்க்கு மேற் செலவாகிறது. நாளொன்றுக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு தேங்காய். தேங்காய்ப் பருப்பில் மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு. பிழிந்தெடுத்த சக்கையோடு ஒரு பகுதி போய்விட்டாலும், ஒருவருக்கு நாளொன்றுக்கு 20 கிராமேனும் எஞ்சும் என்று கணக்கிடலாம். இனி மீனைப் பாருங்கள். ஒருவர் நாளொன்றுக்கு 50 கிராம் மீன் உண்பதாகவும், அம்மீனில் நூற்றுக்கு 3 பங்கு கொழுப்பு இருப்பதாகவும் கொண்டால், கிடைப்பது ஒன்றரைக் கிராமே. நாற்புறமும் கடல் சூழ, ஏறக்குறைய 1,340 கிலோமீற்றர் கரையோரம் கொண்ட தீவுக்கு அக்கடல் தரும் கொழுப்பு இவ்வளவுதானா என்று வியப்பாயிருக்கும். இவ்வளவுதான்.

ஆனால் அந்த ஒன்றரைக் கிராமிலுள்ள ஒன்று தேங்காயில் ஒரு துளியும் இல்லை. தேங்காயெண்ணெயில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு நிரம்பிய கொழுப்பமிலங்கள். மீன் கொழுப்பிலோ ஒமேகா-3 வகையைச் சேர்ந்த ஈ.பீ.ஏ., டீ.எச்.ஏ. என்னும் நீண்ட நிரம்பாத கொழுப்பமிலங்கள் இருக்கின்றன. இவற்றுட் பின்னது மூளையிலும் கண்ணின் விழித்திரையிலும் செறிந்திருப்பது. கருவிலிருக்கும் சிசு தன் கடைசி மூன்று மாதங்களில் இதனைத் தாயிடமிருந்து மிகுதியாகப் பெறுகிறது. பிறந்தபின் தாய்ப்பாலிற் பெறுகிறது. தாய் உண்ணாவிடிற் பாலிலும் அது குறையும். நம் உடல் இதனைத் தாவர எண்ணெயிலிருந்து ஆக்கிக்கொள்வது மிகச் சொற்பமே. இதனாற்றான், 2008இல் ஜெனீவாவிற் கூடிய உணவு விவசாய நிறுவனம், உலக சுகாதார நிறுவனம் ஆகியவற்றின் நிபுணர்கள், கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் இவ்விரண்டும் சேர்ந்து நாளொன்றுக்கு 0.3 கிராமேனும் வேண்டும் என்றனர்.

மீனும் இதனைத் தானாக ஆக்குவதில்லை. கடலில் மிதக்கும் கண்ணுக்குப் புலப்படாத பாசிகளே இதன் பிறப்பிடம். அவற்றையும் அவற்றைத் தின்னும் நுண்ணுயிர்களையும் வடிகட்டி உண்டு வாழ்பவை சாளையும் சூடையும். ஆகவே பாசி பெருகும் காலத்தில் அவை கொழுக்கும். மற்றக் காலத்தில் மெலியும். சாளை இனங்களில் நூறு கிராமுக்கு 2 கிராமாயிருக்கும் கொழுப்பு, கொழுத்த பருவத்திற் 10 கிராமையும் எட்டும். அத்தகைய சாளை 50 கிராம் உண்டால், நிபுணர் சொன்ன அளவுக்கு மேலாகவே கிடைக்கும். வெளிநாட்டுக்கு ஏற்றுமதியாகும் மஞ்சட்செட்டைச் சூரையின் தசையிலோ நூற்றுக்கு ஒரு பங்களவே கொழுப்பு. அது புரதத்துக்குச் சிறந்த மீன். கொழுப்பை அதனிடம் எதிர்பார்க்கலாகாது.

பிள்ளைப்பேற்றுக்குப்பின் நம் பாட்டிமார் ஆக்கிக்கொடுக்கும் பால்சுறா வறையும் இத்தகையதே. சுறாவின் தசையிற் கொழுப்பு மிகக் குறைவு. அதன் எண்ணெயெல்லாம் ஈரலில் இருக்கிறது. பாட்டியின் அன்பை நான் குறைகூறவில்லை. பெரிய சுறாவில் பாதரசம் சேர்ந்திருக்கும் என்பதையும் எண்ணி, அடுத்த நாட் சரக்குக் கறிக்குச் சாளையையும் சேர்த்துக்கொள்ளலாமே என்றுதான் சொல்கிறேன். சாளையைக் குழம்பாக வைத்தாற் கசியும் கொழுப்பு குழம்பிலேயே நின்றுவிடும். கொதிக்கும் எண்ணெயிற் பொரித்தால் மீன்கொழுப்பு சட்டியிற் கலக்க, தேங்காயெண்ணெய் மீனுள் ஏறும். வெயிலிற் காயவைத்தாலோ இந்த நிரம்பாத கொழுப்பே முதலிற் கெடும். பழைய கருவாட்டில் வீசும் சிக்கு நாற்றம் அதன் அடையாளம்.

சின்ன மீன் மலிவாக இருந்தவரை இவையெல்லாம் சமையலறைப் பேச்சு. 2022இல் அந்நிலை குலைந்தது. கரையோரத்திற் சாளையும் கும்பளாவும் பிடிக்கும் சிறு படகுகளின் வெளியிணைப்பு இயந்திரங்கள் மண்ணெண்ணெயில் ஓடுபவை. மண்ணெண்ணெய்க்காக மீனவர் நாட்கணக்கிற் காத்து நின்றனர். பின்னர் அவ்வாண்டு ஓகஸ்ற் மாதம் அதன் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரேயடியாக உயர்த்தப்பட்டது. கடலில் மீன் இல்லாமற் போகவில்லை, படகுகள் போகவில்லை. அதற்கு முந்திய ஆண்டு எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்து மூழ்கியபோது, நீர்கொழும்புப் பகுதி மீனவர் தடையினாற் கரையில் இருந்ததையும் நாம் மறக்கவில்லை.

நாட்டின் மீன் முழுவதையும் மக்கள் தொகையால் வகுத்து ஒருவருக்கு இத்தனை கிராம் என்று எழுதும்போது, கடற்கரை வீடும் மலையக லயமும் ஒன்றாகிவிடுகின்றன. உண்மையில் தேயிலைத் தோட்டத்துக்குப் புதிய சாளை எட்டுவது அரிது; எட்டுவது கொஞ்சம் கருவாடும் நெத்தலியும். 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதோர் நாடு முழுவதிலும் நூற்றுக்கு 17 பேர். தோட்டப்புறத்தில் 32 பேர். இதற்கு மீன் கொழுப்புக் குறைவே காரணம் என்று சொல்வது பொய்யாகும். வறுமையும் சுகாதாரக் குறைவும் அங்கே முன்னிற்கின்றன. எனினும் அவ்வீட்டுத் தட்டில் எது இல்லை என்பது தெரிகிறது.

மலைக்கு ஏறக்கூடியது டின் மீன். அதில் உப்பு உண்டு, அலசிச் சமைக்கலாம். ஆயினும் தகரத்துள் அடைபட்ட சாளையிலும் கும்பளா இனங்களிலும் ஒமேகா-3 பெரும்பாலும் கெடாமல் இருக்கிறது. தாய் சேய் நிலையங்களிற் கர்ப்பிணிகளுக்குத் திரிபோஷ வழங்கப்படுகிறது. சோளமும் சோயாவும் பாற்பொடியும் சேர்ந்த நல்ல மா அது. மீன் கொழுப்பு அதில் இல்லை. அந்தப் பையுடன் தோட்டத்துத் தாய்க்கு மாதம் நான்கு டின் சாளையும் கொடுத்தனுப்பினால் என்ன? நம் கரைகளிற் கொழுத்த பருவத்திற் பிடிபடும் சாளையையே அதற்கெனத் தகரத்தில் அடைக்கவும் கூடுமே.