கேட்டை என்னும் மூத்தவள்

நாள்மீன்கள் இருபத்தேழனுள் பதினெட்டாவது கேட்டை. ஜ்யேஷ்டா என்னும் வடசொல்லே தமிழிற் கேட்டையெனத் திரிந்தது. மூத்தவள் என்பது அதன் பொருள். அச்சொல்லே மூதேவிக்கும் பெயராயிற்று. அவ்விணைப்பினாற் போலும், கேட்டையிற் பிறந்த பெண் கணவனின் தமையனுக்கு ஆகாள் என்றொரு பேச்சு நம்மிடையே வழங்குகின்றது. என்பாற் பாடங்கேட்ட மாணவி ஒருத்திக்குக் கூடிவந்த திருமணம் இவ்வொரு காரணத்தாற் குலைந்தமை யான் அறிவேன். பழி சுமந்த அம்மீன் யாதென ஆராய்தல் நம் கடன் அன்றோ?

ஆடி மாதத்து முன்னிரவில் நாவற்குடா வாவிக்கரையில் நின்று தெற்கே நோக்குக. தேள்போல் வளைந்த மீன்கூட்டத்தின் நெஞ்சிடத்தே செந்நிறமாய் ஒளிர்வது கேட்டை. அதன் செம்மை கண்ட கிரேக்கர், செவ்வாய்க்கு நிகரானது என்னும் பொருள்படப் பெயரிட்டனர்.

ஒருவர் கேட்டையிற் பிறந்தார் எனின், அன்று திங்கள் வானத்தில் அம்மீனையொட்டிய பகுதியில் தோன்றிற்று என்பதே பொருள். இவ்வண்மை நம் கண்ணுக்கு மட்டுமே உரியது. திங்களின் ஒளி நம்மை எய்த ஒன்றேகாற் செக்கன் போதும். கேட்டையின் ஒளிக்கோ ஏறத்தாழ 550 ஆண்டுகள் வேண்டும். இன்று நாம் காணும் அவ்வொளி, 1505இற் போர்த்துக்கேயர் இலங்கைக்கு வருமுன்னரே புறப்பட்டது. நம் ஊரில் எவ்வீட்டில் எவர் மூத்தவர் என்பதை அது எங்ஙனம் அறியும்?

இனி அதன் பருமனைப் பார்ப்போம். கேட்டையின் ஆரை ஞாயிற்றினதைப் போல் ஏறத்தாழ 700 மடங்கு. ஞாயிறு இருக்குமிடத்தில் அதனை வைப்பின், பூமியின் பாதையும் செவ்வாயின் பாதையும் அதனுள்ளே அடங்கிவிடும். ஆயினும் ஞாயிற்றின் மேற்பரப்பு வெப்பம் ஏறத்தாழ 5,500 பாகை சதமம் ஆக, கேட்டையினது 3,400 பாகை அளவினதே. வெப்பம் குறைந்தமையாற் சிவந்தது. பரப்பு மிகுந்தமையாற் பேரொளி வீசுகின்றது.

இத்துணைப் பருமன் பிறவியிலேயே வந்ததன்று. விண்மீனின் நடுவே ஐதரசன் அணுக்கள் இணைந்து ஈலியமாகும்போது பிறக்கும் ஆற்றலே அதனைத் தாங்கி நிற்பது. நடுவிலுள்ள ஐதரசன் தீர்ந்ததும் உட்கரு தன் ஈர்ப்பினாலே சுருங்கிக் கொதிக்கும். அதனைச் சூழ்ந்த ஐதரசன் முன்னிலும் விரைந்து எரியும். அதனால் வெளிப்படலங்கள் விரிந்து, குளிர்ந்து, சிவக்கும். ஆகவே செம்பெருமீன் என்பது விண்மீன்களுள் ஒரு தனிக்குலமன்று. அவற்றின் வாழ்வில் ஒரு பருவம். கேட்டை முதுமைப் பருவம் எய்திவிட்டது. மூத்தவள் என்னும் பெயர் அவ்வகையிற் பொருத்தமே.

எனினும் ஆண்டுக் கணக்கு வேறொன்று சொல்கின்றது. ஞாயிற்றின் அகவை ஏறத்தாழ 460 கோடி ஆண்டுகள். அது பெருமீனாக இன்னும் 500 கோடி ஆண்டளவு செல்லும். கேட்டையோ தோன்றி ஒன்றிரண்டு கோடி ஆண்டுகளே ஆயின. ஞாயிற்றைப் போற் பத்து மடங்குக்கு மேற்பட்ட நிறையுடன் பிறந்தும், ஆற்றலைப் பல்லாயிர மடங்கு விரைவிற் செலவழிப்பதால் அது விரைந்து மூத்தது. பெருஞ்செல்வத்துடன் பிறந்தும் அதனினும் பெருஞ்செலவு செய்வோன் விரைவில் வறியனாதல் போன்றது இது. நாம் மூத்தவள் என்று அழைப்பவள் ஞாயிற்றுக்கு மிக இளையவள்!

பெருமீன்களின் முடிவும் ஒரு தன்மைத்தன்று. ஞாயிற்றை ஒத்த நிறையுடைய சுவாதி இன்று பெருமீனாய் நிற்கின்றது. அதனைக் காண்போர் ஞாயிற்றின் வருங்காலத்தைக் காண்கின்றனர். இத்தகையன இறுதியில் வெண்குறுமீன்களாய் அடங்கும். சென்னை மாநிலக் கல்லூரியிற் கற்று, 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறிய 19 வயது இளைஞர் சுப்பிரமணியன் சந்திரசேகர், அப்பயணத்திலே தொடங்கிய கணிப்பினால், வெண்குறுமீனின் நிறை ஞாயிற்றினதைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்கினை விஞ்சாது எனக் கண்டார். 1983இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. கேட்டையின் உட்கரு அவ்வெல்லையைக் கடந்து இடிந்து வீழ, மீன் வெடித்துச் சிதறும். முன்னைய நாளில் இங்ஙனம் சிதறிய மீன்கள் ஈந்த சுண்ணமும் இரும்புமே நம் எலும்பிலும் குருதியிலும் உள்ளன.

இலக்கியம் கற்பிப்போர் கேட்டை என்னுஞ் சொல் வருமிடத்து, 'ஒரு நட்சத்திரம்' என்று உரைத்து மேற்செல்வது வழக்கம். அன்பர்கள் அவ்விடத்தே சற்று நின்று இவற்றையும் சொல்வார்களாக. ஆடி வானம் தெளிந்த இரவொன்றில் மாணாக்கரை வெளியே அழைத்து அம்மீனைச் சுட்டிக் காட்டுவார்களாக. கண்ணாற் கண்டு வரலாறு கேட்ட பிள்ளை, பின்னர் ஒரு பெண்ணின் வாழ்வை அம்மீனின் பெயரால் மறுக்கத் துணியாது என்பது என் நம்பிக்கை.