மனத்தின் தளர்ச்சியும் அந்திம ஸ்ம்ருதியும்

சாந்தோக்ய உபநிஷத்தின் ஆறாம் ப்ரபாடகத்தில், ஸத்வித்யையின் இறுதிப் பகுதியில், ஒரு காட்சி வருகிறது. உயிர் பிரியும் தறுவாயில் ஒருவன் கிடக்கிறான். உறவினர் அவனைச் சூழ்ந்தமர்ந்து, தம்மை அவனுக்கு அடையாளம் தெரிகிறதா என்று ஒவ்வொருவராகக் கேட்கின்றனர். வாக்கு மனத்திலும், மனம் ப்ராணனிலும், ப்ராணன் தேஜஸ்ஸிலும், தேஜஸ் பரதேவதையிலும் சேராதவரை அவன் அறிகிறான். சேர்ந்தபின் அறிவதில்லை என்று ச்ருதி அந்தக் காட்சியை முடிக்கிறது.

உபநிஷத் காட்டும் இந்நிலை மரணத்தையொட்டிச் சிறிது நேரமே நிற்பது. இன்றோ பல இல்லங்களில் இதனை ஒத்ததொரு நிலை ஆண்டுக்கணக்கில் நீடிக்கிறது. நாள்தோறும் ஸஹஸ்ரநாமம் சொல்லி, திருவாராதனம் வழுவாமல் செய்து வந்த முதியவர், மறதி நோயால் பெற்ற மகனையும் அறியாதவராகிறார். திருமண்காப்பு எதற்கென்று கேட்கிறார். அருகிலிருப்போர் உள்ளத்தில் எழும் அச்சம் ஒன்றுண்டு. இறுதியில் எதை நினைத்து உடலை விடுகிறானோ அதனையே அடைகிறான் என்று கீதையின் எட்டாம் அத்யாயம் கூறுகிறதே. நினைக்கும் கருவியே சிதைந்துவிட்டவருக்கு வாழ்நாள் முழுதும் செய்த பக்தி வீணாகுமோ என்பதே அவ்வச்சம். இதற்கு விடை காண, மனம் என்பது யாது, அதன் குறை எத்தகையது என்பதை ஆசார்யர்கள் காட்டிய வழியில் முதலில் அறிய வேண்டும்.

மனம் ஆத்மா அன்று

தத்த்வங்களை எண்ணும்போது ப்ரக்ருதி, மஹான், அஹங்காரம் எனத் தொடங்கும் 24 அசித் தத்த்வங்களுள் ஒன்றாகவே மனம் எண்ணப்படுகிறது. ஸாத்த்விக அஹங்காரத்திலிருந்து பிறந்த பதினோரு இந்த்ரியங்களில் ஜ்ஞாநேந்த்ரியங்கள் ஐந்து, கர்மேந்த்ரியங்கள் ஐந்து. எஞ்சிய ஒன்று மனம். கண்ணும் காதும் போலவே அதுவும் ஒரு கருவி. புத்தி, அஹங்காரம், சித்தம் என்று வேறு பெயர்கள் வழங்கினும், அவை வேறு வேறு பொருள்கள் அல்ல. உறுதி செய்தல், நான் என்று அபிமானித்தல், சிந்தித்தல் ஆகிய தொழில் வேறுபாட்டால் மனம் ஒன்றே இப்பெயர்களைப் பெறுகிறது என்று எம்பெருமானார் ஸ்ரீபாஷ்யத்தின் இரண்டாம் அத்யாயம் நான்காம் பாதத்தில் அருளிச்செய்தார்.

அறிபவன் ஆத்மா, அறிவு அவனுடைய தர்மம். விளக்குக்கு ஒளி போல ஆத்மாவுக்குத் தர்மபூத ஜ்ஞானம் அமைந்துள்ளது. அந்த ஜ்ஞானம் மனத்தின் வழியாகவும் பிற இந்த்ரியங்களின் வழியாகவும் வெளிப்பட்டுப் பொருள்களைப் பற்றுகிறது. இயல்பில் எங்கும் பரவ வல்லதாயினும், ஸம்ஸாரத்தில் கர்மத்தால் அது சுருங்கியுள்ளது. இந்தச் சுருக்கம் எல்லா உயிர்களிடத்தும் ஒரே அளவில் இல்லை; தாவரம் முதல் தேவர் வரை படிப்படியாகக் கூடுதல் குறைவு உண்டென்று ஸ்ரீவிஷ்ணு புராணத்தின் ஆறாம் அம்சம் கூறுகிறது.

இங்கே கவனிக்கத் தக்கது, ஆசார்யர்கள் ‘ஸங்கோசம்’ என்றார்களேயன்றி ‘நாசம்’ என்னவில்லை என்பது. இதற்கு எம்பெருமானார் காட்டும் சான்று ஆழ்ந்த உறக்கம். உறங்குபவன் எதையும் அறிவதில்லை. விழித்தபின் தான் இனிதாக உறங்கியதை நினைவு கூர்கிறான். உறக்கத்திலும் ‘நான்’ என்று தனக்குத்தானே தோன்றும் ஆத்மா அழியாது நின்றதாலன்றோ அந்நினைவு கூடுகிறது? வெளிப்பொருளைப் பற்றும் அறிவு மடங்கினாலும் ஆத்மா மடங்குவதில்லை. மகனை அறியாத முதியவர் விஷயத்திலும் இக்கொள்கையால் இவ்வளவு தேறும்: சிதைந்தது கருவி, சுருங்கியது ஜ்ஞானத்தின் பரவல், ஆத்மஸ்வரூபத்துக்கு யாதொரு குறையும் இல்லை.

மனத்தின் முதற்குறை: காணாமல் விடுதல்

நன்னிலையிலுள்ள மனமும் தவறு செய்கிறது. சிப்பியை வெள்ளியென்று எண்ணுதல் இதற்கு எல்லா தர்சனங்களும் எடுத்தாளும் உதாரணம். இல்லாத ஒன்றை மனம் படைத்துக் காண்கிறது என்று பிறர் சொல்ல, எம்பெருமானார் யதார்த்த க்யாதியை ஸ்தாபித்தருளினார். பூதங்கள் ஒன்றோடொன்று கலந்தே பொருள்கள் அமைந்திருப்பதால் சிப்பியிலும் வெள்ளியின் அம்சம் சிறிதளவு உண்டு. கண்டவன் கண்டது அவ்வம்சத்தையே. மிகுதியாக உள்ள சிப்பியின் அம்சத்தை அவன் காணவில்லை. ஆகவே பிழை என்பது இல்லாததைக் கண்டதால் விளைந்ததன்று. உள்ளதன் பெரும்பகுதியைக் காணாமல் விட்டதால் விளைந்தது.

நம் காலத்து உளவியலாரின் சோதனை ஒன்று இதனோடு ஒப்பு நோக்கத் தக்கது. டேனியல் சைமன்ஸ், கிறிஸ்டோபர் சாப்ரிஸ் என்ற அமெரிக்க அறிஞர் இருவர் 1999இல் அதனை வெளியிட்டனர். சிலர் பந்தை ஒருவருக்கொருவர் எறியும் படக்காட்சியைக் காட்டி, எத்தனை முறை பந்து கைமாறுகிறது என்று எண்ணச் சொன்னார்கள். நடுவே கொரில்லாக் குரங்கின் வேடமணிந்த ஒருவர் காட்சியின் மையத்தில் நடந்து சென்றார். எண்ணுவதிலேயே கருத்தாயிருந்தவருள் ஏறக்குறைய பாதிப்பேர் அவரைக் காணவே இல்லை. கண் திறந்திருந்தது, ஒளி இருந்தது, பொருளும் எதிரே இருந்தது. மனம் ஒன்றைப் பற்றியபோது மற்றொன்றை விட்டது. எண்பது வயதில் வரும் மறதிக்கு முன்பே, இருபது வயதிலும் மனம் குறுகிய வாயிலாகவே இருக்கிறது என்பதற்கு இது சான்று.

இரண்டாம் குறை: வாஸனையின் வழிச் செல்லுதல்

கீதையின் இரண்டாம் அத்யாயத்தில் மனம் வீழும் படிகள் முறையாகச் சொல்லப்படுகின்றன. விஷயத்தை நினைப்பதால் பற்று, பற்றால் காமம், காமத்தால் கோபம், கோபத்தால் மயக்கம், மயக்கத்தால் ஸ்ம்ருதி குலைவு, அதனால் புத்திநாசம், முடிவில் அழிவு. இவற்றுக்கு எம்பெருமானார் இட்ட பாஷ்யம் நுட்பமானது. காமம் என்பது பற்றின் முற்றிய நிலை. அந்த விஷயத்தை அனுபவியாமல் தரிக்க முடியாத நிலை. ஸ்ம்ருதி குலைவு என்பது பொதுவான மறதியன்று. இந்த்ரியங்களை அடக்கத் தொடங்கிய முயற்சியை மறத்தல். புத்திநாசமாவது ஆத்மஜ்ஞானத்தைக் குறித்துச் செய்துகொண்ட உறுதி அழிதல். அறிவுள்ளவன் தான் எடுத்த முடிவையே மறப்பது எவ்வாறு என்ற கேள்விக்கு இதில் விடை கிடைக்கிறது. அவன் அறியாமல் கெடவில்லை; தான் அறிந்தது வேண்டிய நேரத்தில் கைகொடாமல் கெடுகிறான்.

இந்த வீழ்ச்சி யாருக்கு என்பதையும் பாஷ்யம் தெளிவாக்குகிறது. மனத்தை எம்பெருமானிடம் வைக்காமல், தன் முயற்சியையே பெரிதாக எண்ணி இந்த்ரியங்களை வெல்லப் புகுந்தவனே கெடுகிறான். ஸ்ரீபாஷ்யத்தின் முதல் அத்யாயம் நான்காம் பாதத்தில், கடவல்லியின் தேர் உருவகத்தை விசாரிக்குமிடத்திலும் இக்கருத்தே நிலைநாட்டப்படுகிறது. இந்த்ரியங்களைவிட விஷயங்களும், அவற்றைவிட மனமும், மனத்தைவிட புத்தியும், புத்தியைவிட ஆத்மாவும், ஆத்மாவைவிட உடலும் வசப்படுத்துவதற்கு அரியவை. அனைத்துக்கும் மேலானவன் அந்தர்யாமியான பரமபுருஷன். அவனை வசப்படுத்தும் வழியோ சரணாகதி ஒன்றே என்று எம்பெருமானார் அவ்விசாரத்தை முடித்தருளினார். மனத்தை மனத்தாலேயே வெல்ல முடியாது என்பது இதனால் தேறுகிறது.

இறுதிக் காலத்தின் நினைவு

இனி முதலில் எழுந்த அச்சத்துக்கு வருவோம். எட்டாம் அத்யாய பாஷ்யத்தில், மான் குட்டியை நினைத்து உயிர்விட்டு மானாகப் பிறந்த ஆதிபரதன் சான்றாகக் காட்டப்படுகிறான். அரசைத் துறந்து தவமியற்றியவனுக்கும் கடைசி நினைவு தன் வசத்தில் இல்லை. முன்பு எதனைப் பழகினானோ அதனைப் பற்றியே இறுதி நினைவு எழும் என்று எம்பெருமானார் காரணமும் அருளிச்செய்தார். மறதி நோயில் அண்மை நிகழ்ச்சிகள் முதலில் மறைய, இளமையில் பதிந்தவை நெடுநாள் நிற்பதை மருத்துவரும் கூறுவர். ஆயினும் நோய் முற்றினால் அவையும் மறைகின்றன. பழக்கம் துணை செய்யும், பிணை நிற்காது.

பெரியாழ்வார் இந்த நிலையை நன்கறிந்தவர். திருவரங்கத்து எம்பெருமானைக் குறித்து அவர் அருளிய நான்காம் பத்துப் பத்தாம் திருமொழியின் கருத்து இது: தளர்ச்சி மேலிடும் அந்நேரத்தில் நினைக்க இயலாமற் போகலாம், ஆகையால் அறிவு தெளிந்துள்ள இன்றே விண்ணப்பத்தை அவன் திருமுன்பே வைத்துவிடுவது. மனத்தின் குறையை ஆழ்வார் மறைக்கவில்லை. அதனை முன்னிட்டே வேண்டுகிறார்.

ஆழ்வாரின் விண்ணப்பத்துக்கு மறுமொழி போல நிற்பது வராஹ சரம ச்லோகம். ஞானப்பிரான் பூமிப்பிராட்டிக்கு அருளியதாக வராஹ புராணத்தில் வரும் இரண்டு ச்லோகங்கள் அவை. ஸ்வாமி தேசிகன் இவற்றின் பொருளை விரித்து ரஹஸ்ய சிகாமணி என்ற தனி க்ரந்தமே ஸாதித்தருளினார். மனம் நன்னிலையில் நிற்க, உடல் திடமாயிருக்க, தாதுக்கள் ஸமமாயிருக்கும் காலத்தில் உலகையே திருமேனியாக உடைய பிறப்பற்ற பெருமானை நினைப்பவன் ஒருவன்; அவன் இறுதியில் கட்டையும் கல்லும் போலக் கிடக்கும்போது அவனைப் பெருமான் நினைக்கிறான், பரமகதிக்கு அழைத்துச் செல்கிறான் என்பது அவற்றின் பொருள். முதல் ச்லோகத்திலும் இரண்டாம் ச்லோகத்திலும் நினைத்தலைக் குறிக்கும் வினையடி ஒன்றே. நினைப்பவன் மட்டுமே மாறுகிறான். சேதநனின் ஸ்ம்ருதி நின்ற இடத்தில் ஈச்வரனின் ஸ்ம்ருதி தொடர்கிறது.

திருக்கச்சி நம்பிகள் வாயிலாகப் பேரருளாளன் எம்பெருமானாருக்கு அருளிய ஆறு வார்த்தைகளுள், அந்திம ஸ்ம்ருதி வேண்டா என்பதும் ஒன்று. அப்படியாயின் கீதையோடு முரண்படுமே எனில், முரண் இல்லை. இரண்டும் வெவ்வேறு அதிகாரிகளைப் பற்றியவை. பக்தியோகத்தை உபாயமாகக் கொண்ட உபாஸகனுக்கு இறுதி நினைவு அந்த யோகத்தின் அங்கம். ப்ரபந்நனுக்கு உபாயம் எம்பெருமானே. ஆகவே அவன் அந்நினைவை முயன்று ஈட்ட வேண்டுவதில்லை. இதில் தென்கலை, வடகலை இரு ஸம்ப்ரதாயத்தாரும் உடன்படுகின்றனர். உடல் விழும் காலத்தில் பெருமானின் தயையினாலேயே தெளிந்த அறிவு உண்டாகும் என்ற வாக்குறுதியை சரணாகதி கத்யத்தில் காண்கிறோம். உபாஸகனுக்கும்கூடத் தன் அறிவு மட்டும் போதுவதில்லை. ஹ்ருதயத்திலிருந்து புறப்படும் நூற்றோரு நாடிகளுள் தான் செல்ல வேண்டிய ஒன்றை ஜீவன் பிரித்தறிய மாட்டான்; ஹ்ருதயத்தில் உறையும் பெருமான் அனுக்ரஹித்து வாயிலை விளங்கச் செய்வதால் அறிந்து செல்கிறான் என்று ப்ரஹ்மஸூத்ரத்தின் நான்காம் அத்யாயம் இரண்டாம் பாதம் கூறுகிறது.

நன்னிலையின் கடமை

அவன் நினைத்துக்கொள்வானாயின் நாம் நினைப்பது எதற்கு என்று கேட்கலாம். வராஹ சரம ச்லோகத்தின் முதற்பாதியே இதற்கு விடை. மனம் நன்றாக இருக்கும் காலம் என்று காலத்தைக் குறித்தே அது பேசுகிறது. செயலற்ற காலத்தில் வேண்டா என்றதனால், செயலுள்ள காலத்திலும் வேண்டா என்றாகாது. ப்ரபந்நனின் நினைவு விலை கொடுப்பதன்று. மகன் தந்தையை நினைப்பது போல உறவின் அனுபவம். அதற்கு மனமென்னும் கருவி வேண்டும். கருவி கெடாத காலமும் வேண்டும்.

மறதியில் ஆழ்ந்தவரின் செவியில் உறவினர் த்வயத்தை ஓதும்போது, அவர் அதனை அறிந்து பின்சொல்ல வேண்டும் என்று துன்புறுத்துதல் தகாது. அவர் சொல்ல வேண்டியதைத் தெளிவோடிருந்த நாளில் சொல்லிவிட்டார். தம்மை அடையாளம் தெரிகிறதா என்ற கேள்விக்கு அவரிடமிருந்து விடை வாராமல் போகலாம். அவரை அறிந்தவன் அவர் ஹ்ருதயத்திலேயே எழுந்தருளியிருக்கிறான்; அவனுக்கு மறதி இல்லை என்பதே ஆசார்யர்கள் தரும் தேறுதல்.