உச்சிவெயிலில் நின்றுபோகும் சோலார்: கோளாறு யார் பக்கம்?

மணி பன்னிரண்டு. மொட்டைமாடியில் பேனல்கள் தகிக்கின்றன. கீழே இன்வெர்ட்டரில் சிவப்பு விளக்கு. 'கிரிட் ஓவர் வோல்டேஜ்' என்று காட்டிவிட்டு நின்றுவிடுகிறது. சற்று நேரத்தில் தானே ஓடும், மறுபடி நிற்கும். மாட்டிக்கொடுத்தவரைக் கேட்டால் "ஈபி லைன் சரியில்லைங்க" என்பார். மின்வாரியத்தில் கேட்டால் "உங்க இன்வெர்ட்டரைப் பாருங்க" என்பார்கள்.

நிற்பது கோளாறல்ல. லைனின் அழுத்தம் 253 வோல்ட்டைத் தாண்டினாலோ 184க்குக் கீழே போனாலோ 2 விநாடிக்குள் இன்வெர்ட்டர் விலகிக்கொள்ள வேண்டும் என்பது மத்திய மின்சார ஆணையத்தின் 2013ஆம் ஆண்டு விதி. அழுத்தம் ஏன் ஏறுகிறது என்பதுதான் கேள்வி.

வீட்டு மின்சாரம் தெருவுக்குப் போக வேண்டுமானால் நம் பக்க அழுத்தம் தெருவைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்க வேண்டும். ஒயர் ஒல்லியானால் அந்தக் கூடுதலும் பெருகும். 3 கிலோவாட் இன்வெர்ட்டர் நல்ல வெயிலில் சுமார் 13 ஆம்பியர் தள்ளும். மீட்டர் 30 மீட்டர் தள்ளி இருந்து, 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் போட்டிருந்தால் ஏறக்குறைய 6 வோல்ட் ஏறும். 6 சதுர மில்லிமீட்டர் ஒயரில் இரண்டரை வோல்ட்கூட ஏறாது. தெருவில் 248 என்றால் ஒல்லி ஒயர் போட்ட வீட்டில் நின்றுவிடும், தடித்த ஒயர் போட்ட வீட்டில் ஓடும். ஒயரில் மிச்சம் பிடித்த சில ஆயிரம் ரூபாய் செய்யும் வேலை இது.

ஆனால் 248 என்பதும் தவறுதான். வீட்டு இணைப்புக்கு 230லிருந்து 6 சதவீதம்தான் ஏற இறங்கலாம். அதாவது 216 முதல் 244 வரை.

எனவே நண்பகலில் எலெக்ட்ரீஷியனை வைத்து இன்வெர்ட்டர் முனையிலும் மீட்டரிலும் ஒரே நேரத்தில் அளக்கச் சொல்லுங்கள். வித்தியாசம் ஐந்தாறு வோல்ட் என்றால் ஒயரிங் போட்டவர் பொறுப்பு. சோலாரை நிறுத்திய பிறகும் மீட்டரில் 244க்கு மேல் காட்டினால் மின்வாரியத்தின் பொறுப்பு. நேரத்தோடு படம் எடுத்து வையுங்கள். இன்வெர்ட்டரின் வரம்பை 270க்கு ஏற்றிவிட்டு "சரியாயிடுச்சு" என்று சொல்வோரும் உண்டு, சம்மதிக்காதீர்கள். அந்த அழுத்தம் உங்கள் ஃபிரிட்ஜுக்கும்தான் போகும்.

சோலாருக்கு அடுத்த ஆபத்து இடி மின்னல். வீட்டின்மேல் விழ வேண்டியதில்லை. பக்கத்தில் விழுந்தாலே பேனல் ஒயரில் அழுத்தம் பாயும். அதை நிலத்துக்குத் திருப்பவே சர்ஜ் புரொடெக்டர். பெரும்பாலானவற்றில் சிறு ஜன்னல் இருக்கும்: பச்சை என்றால் நலம், சிவப்பு என்றால் தீர்ந்துவிட்டது. தீர்ந்தாலும் சோலார் ஓடிக்கொண்டிருக்கும், அதனால் யாரும் கவனிப்பதில்லை. எர்த் சரியில்லையென்றால் புரொடெக்டர் வெறும் அலங்காரம். பேனல் ஒயர் வந்து சேரும் டிசி பெட்டியில் மட்டும் கை வைக்காதீர்கள். இன்வெர்ட்டரை அணைத்தாலும் வெயில் உள்ளவரை அந்த ஒயரில் மின்சாரம் உண்டு.

பிரதமர் சூரிய வீடு திட்ட மானியத்தில் போட்டிருந்தால் 5 ஆண்டுப் பராமரிப்பு நிறுவியவரின் கடமை. எழுத்தில் புகார் கொடுங்கள். அசையவில்லையென்றால் 1915 நுகர்வோர் உதவி எண். பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2 ஆண்டுக்குள் போக வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கியதற்குக் கட்டணமில்லை, வக்கீலும் கட்டாயமில்லை. மின்வாரியத்தின் மேல் குறையென்றால் பிரிவு அலுவலகத்தில் மனு கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். அடுத்த படி வட்ட அளவிலான மின்நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம், அதற்கும் மேல் மின் குறைதீர்ப்பாளர்.

புதிதாகப் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ஒயரின் அளவு, இன்வெர்ட்டரின் அழுத்த வரம்பு, எர்த் குழியின் ஓம் அளவு மூன்றையும் கையெழுத்தோடு வாங்கிய பிறகே கடைசித் தவணையைக் கொடுங்கள்.