குழாய்த் தண்ணீர் பின்னாலும் ஓடும்!



குழுக் கூட்டம் ஒன்றில் ஒரு அக்கா கேட்டார்: "டேங்க் கழுவுறாங்க, குளோரின் போடுறாங்க. அப்புறமும் எங்க தெருப் பிள்ளைங்களுக்கு மட்டும் அடிக்கடி வயித்தால போகுதே, ஏன்?"

நியாயமான கேள்வி. மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் சுத்தமாக இருக்கலாம். ஆனால் அது நம் குடத்துக்கு வந்து சேரும் வழியில் கெட்டுப் போகலாம். அப்படிக் கெடும் வழிகளில் ஒன்று, வெளியே வந்த தண்ணீர் குழாய்க்குள்ளேயே திரும்பிப் போவது. இதைப் பலரும் கவனிப்பதில்லை.

தண்ணீர் எப்படித் திரும்பிப் போகும்?

நம் ஊர்களில் குழாயில் நாள் முழுதும் தண்ணீர் வருவதில்லை. ஆபரேட்டர் வால்வை மூடியதும் பைப்பில் மிச்சமுள்ள தண்ணீர் பள்ளத்தை நோக்கி ஓடுகிறது. அப்போது காலியாகும் பைப், இளநீரை ஸ்ட்ரா வைத்து உறிஞ்சுவது போல, திறந்திருக்கும் வாய் வழியாக உறிஞ்சும். தண்ணீர் நிற்கும் நேரத்தில் குழாயில் "உஸ்ஸ்" என்று சத்தம் வருகிறதே, அது காற்று உள்ளே போகும் சத்தம். குழாயின் வாய் அழுக்குத் தண்ணீரில் முங்கி இருந்தால், காற்றுக்குப் பதில் அந்த அழுக்கு உள்ளே போகும்.

கல்வராயன் மலை ஊர்களில் இது இன்னும் சுலபமாக நடக்கும். வீடுகள் மேட்டிலும் பள்ளத்திலும் இருக்கின்றன. கீழ்வீட்டுக்காரர் குழாயைத் திறந்தால் மேல்வீட்டுக் குழாய் உறிஞ்சும். மேல்வீட்டுத் தொட்டி அழுக்கு கீழ்வீட்டுக் குடத்தில் வந்து விழும். தவறு ஒரு வீட்டில், நோய் இன்னொரு வீட்டில்!

எங்கெங்கே இது நடக்கிறது?

1. துணி ஊறும் அன்னக்கூடையிலும் மாட்டுத் தொட்டியிலும் ஹோஸ் பைப்பை முக்கிப் போட்டுவிட்டு வேறு வேலைக்குப் போவது.

2. மருந்து அடிக்கிற டேங்கில் ஹோஸை உள்ளே விட்டு நிரப்புவது. பருத்தி, மக்காச்சோளம் போடுகிற வீடுகளில் இதைப் பார்க்கலாம். பூச்சிமருந்து குடிநீர்ப் பைப்புக்குள் போனால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

3. தண்ணீர் வேகமாக வரவில்லை என்று குழி தோண்டி, பைப்பைத் தாழ்த்திப் பிடிப்பது. மழை பெய்தால் சாக்கடைத் தண்ணீர் அந்தக் குழியில் நிற்கும். பைப்பின் வாய் அதிலேயே கிடக்கும்.

4. குடிநீர் இணைப்பில் மோட்டார் வைத்து உறிஞ்சுவது. மோட்டார் இழுக்கும்போது பைப்பில் எங்கே ஓட்டை இருந்தாலும் அதைச் சுற்றியுள்ள கழிவுநீரும் சேர்ந்து வரும். அது மோட்டார் வைத்தவருக்கு மட்டும் வருவதில்லை, தெருவுக்கே வருகிறது.

டெல்லியில் நடந்தது

1955-ஆம் ஆண்டு டெல்லியில் யமுனை ஆறு போக்கு மாறியதால், நஜஃப்கர் கால்வாயின் கழிவுநீர் வசீராபாத்தில் குடிநீர் எடுக்கும் இடத்துக்கே திரும்பி வந்தது. சுமார் 29,000 பேருக்கு மஞ்சள் காமாலை வந்தது. பிற்காலத்தில் ஆராய்ந்து, அது ஹெபடைடிஸ் ஈ என்ற கிருமியால் வந்தது என்று கண்டறிந்தார்கள். இந்தக் காமாலை கர்ப்பிணிகளுக்கு, அதிலும் கடைசி மூன்று மாதத்தில் இருப்பவர்களுக்கு, உயிருக்கே ஆபத்தானது. அங்கே ஆறு, இங்கே பைப். கழிவு திரும்பி வந்து குடிநீரில் கலந்தால் ஆபத்து ஒன்றுதான்.

நாம் என்ன செய்யலாம்?

முதல் வேலைக்குக் காசு வேண்டாம். குழாயின் வாய்க்கும் தண்ணீர் மட்டத்துக்கும் நடுவில் எப்போதும் இரண்டு விரல் இடைவெளி இருக்கட்டும். ஹோஸ் மாட்டினால் அதன் முனை தண்ணீரில் முங்கக் கூடாது. இடைவெளி இருந்தால் காற்றுதான் உள்ளே போகும், அழுக்கு போகாது. எந்த வால்வையும் விட இதுதான் நம்பகமான பாதுகாப்பு.

இரண்டாவது, திரும்பு தடுப்பு வால்வு. கடைகளில் "என்.ஆர்.வி" என்று கேளுங்கள். தண்ணீரை ஒரு பக்கம் மட்டும் விடும். பள்ளி, அங்கன்வாடி, குழுக் கட்டடம் போன்ற இடங்களில் உயரத் தொட்டியின் அடிப்பக்கமாகப் பைப் ஏறினால் இது அவசியம். வால்வின் மேல் உள்ள அம்புக்குறி தொட்டியைப் பார்த்து இருக்க வேண்டும்.

வால்வைச் சோதிப்பது எப்படி?

தொட்டியில் தண்ணீர் இருக்கும்போது, தெருப்பக்கத்து கேட் வால்வை மூடுங்கள். அதற்கும் என்.ஆர்.வி-க்கும் நடுவில் உள்ள குழாயைத் திறங்கள். பைப்பில் மிச்சம் இருந்தது கொஞ்சம் வந்து நின்றுவிட்டால் வால்வு நன்றாக இருக்கிறது. இரண்டு நிமிடம் ஆகியும் நிற்காமல் வந்தால் வால்வு பிடிக்கவில்லை. மணலோ உப்புப் பொருக்கோ சிக்கியிருக்கும், அல்லது உள்ளே உள்ள ரப்பர் தேய்ந்திருக்கும். பிளம்பரை வைத்துக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள், தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, முக்கியமாக மழைக்காலத்துக்கு முன்னால், இதைச் செய்வது நல்லது. நடுவில் சோதிக்கக் குழாய் இல்லையென்றால் வால்வு மாட்டும்போதே ஒன்று வைக்கச் சொல்லுங்கள்.

தண்ணீரையும் சோதியுங்கள்

2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில், ஊருக்கு ஐந்து பெண்களுக்குக் களப் பரிசோதனைப் பெட்டி கொண்டு தண்ணீரைச் சோதிக்கப் பயிற்சி தர வழி உள்ளது. உங்கள் ஊரில் யார் அந்த ஐந்து பேர் என்று ஊராட்சியில் கேளுங்கள். டேங்குக்குப் பக்கத்துக் குழாயிலும் கடைசி வீட்டுக் குழாயிலும் ஒரே நாளில் குளோரின் பாருங்கள். லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். பக்கத்தில் இருந்து கடைசியில் இல்லை என்றால், அந்தப் பைப் வழியில் குழியோ, ஓட்டையோ, முங்கிய ஹோஸோ இருக்கிறதா என்று நடந்து பாருங்கள். சரியாகும் வரை அந்தத் தெருவில் தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடியுங்கள்.

கடைசியாக ஒன்று. மோட்டார் வைத்தவர் நம் சொந்தக்காரராக இருப்பார். குழி தோண்டியவர் நம் குழுவிலேயே இருப்பார். தனியாகப் போய்ச் சொன்னால் சண்டை வரும். ஆகவே குழுவில் பேசித் தீர்மானம் எழுதுங்கள். முதலில் நம் உறுப்பினர் வீட்டுக் குழிகளை மூடுவோம், நம் வீட்டு மோட்டாரை எடுப்போம். அதன்பிறகு கிராம சபையில் எழுந்து கேட்டால் யாரும் "நீ மட்டும் யோக்கியமா?" என்று கேட்க முடியாது.

நம் வீட்டு ஹோஸின் முனை பக்கத்து வீட்டுக் குடத்தில் இருக்கிறது என்பதை மறக்காதீர்கள்.