தெளிவின்மையைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள்

ஆங்கிலத் திறனாய்வுக் கருத்துகளைத் தமிழில் எடுத்தாளுங்கால் 'வேக்', 'ஆம்பிகுவஸ்', 'ஈக்குவிவகல்', 'அப்ஸ்கியூர்' ஆகிய நான்கு சொற்களையும் 'தெளிவற்ற' என்னும் ஒன்றாலேயே பெயர்த்துவிடல் எளிது. நான்கும் தெளிவின்மையைச் சுட்டுவன என்பது உண்மையே. ஆயினும், ஒவ்வொன்றும் சுட்டும் தெளிவின்மை வேறு. அதன் காரணம் வேறு. அதனை நீக்கும் வழியும் வேறு. இவ்வேறுபாட்டை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் 'வேக்' என்பதனைக் காண்போம். அலைந்து திரிவது என்னும் பொருளுடைய 'வாகுஸ்' என்ற இலத்தீன் சொல்லினின்று இது பிறந்தது. நாடோடியைக் குறிக்கும் 'வேகபாண்டு' என்பதும் இதற்கு உறவுடைய சொல்லே. நாடோடி ஓரிடத்தில் நில்லாமை போலப் பொருளின் எல்லை ஓரிடத்தில் நில்லாமையே 'வேக்' எனப்படும். 'வழுக்கைத் தலையன்' என்னும் வழக்கை நோக்குக. ஒரு மயிர் உதிர்வதால் எவனும் வழுக்கையன் ஆகான். மற்றொன்று உதிர்வதாலும் ஆகான். எனினும் ஒருநாள் வழுக்கையனாகவே நிற்கின்றான். எல்லை யாண்டுளது? இப்புதிரைக் கி.மு. நான்காம் நூற்றாண்டினராகிய கிரேக்க அறிஞர் யூபுலிடீசுக்கு உரியதாக்குவர். பெர்ட்ரண்டு ரசல் 1923-இல் எழுதிய கட்டுரையில், இவ்வெல்லையின்மை குறியீட்டின்பாற்பட்டதேயன்றிக் குறிக்கப்படும் பொருளின்பாற்பட்டதன்று என நிறுவ முயன்றார். மாக்ஸ் பிளாக் 1937-இல் இதனைப் பொதுமையினின்றும் பிரித்துக் காட்டினார். 'மரம்' என்பது மாவையும் பலாவையும் ஒருங்கே குறிப்பது பொதுமை. மரமோ புதரோ என ஐயுறும் இடத்தேதான் அச்சொல் 'வேக்' ஆகின்றது.

'ஆம்பிகுவஸ்' என்பது இருபுறமும் செலுத்துதல் என்னும் கருத்துடைய இலத்தீன் வினையின் வழிவந்தது. ஈண்டுப் பொருள்கள் தனித்தனியே தெளிவுடையன. அவற்றுள் எதனைக் கொள்வது என்பதே ஐயம். ஆங்கிலத்தில் 'பேங்க்' என்பது பணம் வைக்கும் நிலையத்தையும் குறிக்கும், ஆற்றங்கரையையும் குறிக்கும். தமிழில் 'ஆறு' என்பது எண், நதி, வழி என மூன்றாய் நிற்கும். இம்மயக்கத்தை நீக்க இடம் நோக்குதல் போதும். 'வேக்' ஆயின் இடம் நோக்கினும் தீராது. வரையறை வகுத்தல் வேண்டும். 'முதியோர்' என்பதனை '60 வயது நிரம்பியோர்' எனச் சட்டம் வரையறுப்பது இத்தகையது.

'ஈக்குவிவகல்' என்பதில் 'சமம்', 'குரல்' என்னும் இரு கருத்துகள் இணைந்துள்ளன. இரு பொருளும் ஒத்த வலியுடன் ஒலித்தல் இதன் இயல்பு. இதன் வினைவடிவமோ, கேட்போரை மயக்கும் கரவையும் உணர்த்தும். வெடிமருந்துச் சதியின் தொடர்பாக 1606-இல் இலண்டனில் ஏசு சபைத் துறவி ஹென்றி கார்னெட்டின் வழக்கு நடந்தபோது, இத்தகைய இருபொருட் பேச்சு பெரிதும் இகழப்பட்டது. 'மாக்பெத்' நாடகத்து வாயிற்காவலன் பேச்சில் அதன் எதிரொலி உண்டென்பர் அறிஞர்.

'அப்ஸ்கியூர்' இருளைக் குறிக்கும் சொல்லினின்று வந்தது. இருளில் உள்ள பொருள் திட்பமுடையதாகவே இருக்கலாம். விளக்கு ஒன்றே வேண்டுவது. அவ்விளக்கே உரை. மூடுபனியினின்று வந்த 'நெபுலஸ்', ஆட்டுமயிரினின்று வந்த 'உல்லி' ஆகியன எண்ணமே உருப்பெறாமையைச் சுட்டுவன. அவற்றிற்கு உரை எழுதியும் பயனில்லை. அலுவலகங்களின் வெற்றாரவார நடையைக் குறிக்கும் 'காபில்டிகூக்' என்னும் சொல்லை, வான்கோழியின் ஒலியை நினைந்து, அமெரிக்கரான மாரி மாவெரிக் 1944-இல் படைத்தார்.

இவ்வேறுபாடுகளைப் போற்றாவிடின் விளையும் கேடு சிறிதன்று. வில்லியம் எம்ப்சன் 1930-இல் வெளியிட்ட நூலில் 'ஆம்பிகுவிட்டி'யை ஏழு வகையாகப் பகுத்துக் கவிதையின் வளமாகக் காட்டினார். அதனைத் 'தெளிவின்மை' எனப் பெயர்த்தால், அவர் பாராட்டியது பழியாக மாறிவிடும். நம் இலக்கண மரபோ இதனை முன்பே உணர்ந்துள்ளது. நன்னூல் 'மயங்க வைத்தல்' என்பதனைப் பத்துக் குற்றங்களுள் வைத்தது. 'இரட்டுற மொழிதல்' என்பதனை முப்பத்திரண்டு உத்திகளுள் வைத்தது. இரு பொருள்படுதல் தன்னளவில் குற்றமும் அன்று, குணமும் அன்று என்பது இதனாற் பெறப்படும்.

ஆகவே, 'வேக்' என்பதனை வரம்பின்மை என்றும், 'ஆம்பிகுவஸ்' என்பதனைப் பல்பொருண்மை என்றும், 'ஈக்குவிவகல்' என்பதனை இருதலைக் கூற்று என்றும், 'அப்ஸ்கியூர்' என்பதனை இருண்மை என்றும் வழங்குதல் பொருந்தும். தெளிவின்மையைப் பற்றிப் பேசும் சொற்களேனும் தெளிவுடையனவாதல் வேண்டுமன்றோ!